ரெண்டரை மாச ராஜபாளையம் குட்டி: வீடெல்லாம் உச்சா, கை காலெல்லாம் கடி, கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது

மாடிவீட்டுக்காரன் (மதுரை):

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு முதல்முறையா நாய்க்குட்டி வந்துருக்கு, ராஜபாளையம், ஆண் குட்டி, ரெண்டரை மாசம் ஆச்சுன்னு குடுத்தவர் சொன்னாரு. சுத்த வெள்ளை, மூக்கு நல்ல ரோஸ் கலர். பாப்பா யூகேஜி படிக்கிறா, அவ இட்லின்னு பேரு வச்சிட்டா, மாத்தவே விட மாட்டேங்குறா, சரி இருந்துட்டு போகட்டும்.

நாங்க இருக்கறது மாடி போர்ஷன், கீழ ஹவுஸ் ஓனர். பிரச்சனை என்னன்னா உச்சாவ எங்க போகும் எப்ப போகும்னே தெரியல, மொட்டை மாடிக்கு தூக்கிட்டு போயி அரைமணி நேரம் நின்னாலும் சும்மா மோந்துகிட்டே சுத்தும், கீழ இறக்கி ஹால்ல விட்ட அடுத்த நிமிஷம் கால்மிதில போயிடும். அம்மா நாள் பூரா பினாயிலும் மாப்புமா அலையிறாங்க. அடுத்தது கடி. ஊசி மாதிரி பல்லு, வேட்டி, பாவாடை, கால் விரல் எதையும் விடுறதில்ல, நெட்டுல பாத்துட்டு கடிச்ச உடனே "ஆ"ன்னு கத்திப் பாத்தேன், கத்துனா விட்ரும்னு போட்டிருந்தாய்ங்க, எங்காளு கண்டுக்கவே இல்ல, இன்னும் ஜோரா கடிக்கிறான். நேத்து பாப்பா கையில பல்லு பட்டு லேசா ரத்தம் வந்துருச்சு, மஞ்சள் வச்சு விட்டோம்.

ராத்திரி லைட்ட அணைச்சா ஊளை. லைட்டு போட்டா அமைதி. பேர் சொல்லி கூப்பிட்டா வரவே வராது, தட்டுல சாப்பாட காட்டுனா மட்டும் பறந்து வரும். அப்பா என்னடான்னா இது திமிர் பிடிச்ச ஜாதி, மூக்க பிடிச்சு உச்சால தேச்சு ரெண்டு போடு போட்டாத்தான் வழிக்கு வரும்னு சொல்றாரு. எனக்கு அடிக்க மனசு வரல.

ஒரே நல்ல விஷயம் பகல்ல நல்லா தூங்குவான், மிக்ஸி ஓடட்டும் குக்கர் விசில் அடிக்கட்டும், அசையவே மாட்டான். இதெல்லாம் வயசு ஆக ஆக சரியாகுமா, இல்ல இப்பவே எதாச்சும் பண்ணணுமா, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


கோவை செல்வி:

ஏனுங்க தம்பி, அப்பாகிட்ட சொல்லுங்க, உச்சால மூக்க தேய்க்கிற சோலியே வேண்டாமுங்க. அது போனது ஒரு நேரம், நீங்க தேய்க்கறது ஒரு நேரம், எதுக்கு இந்த தண்டனைன்னு அதுக்கு புரியவே புரியாது. இந்தாளு முன்னாடி போனா அடி விழும்னு மட்டும் புரிஞ்சுக்கும், அப்பறம் கட்டிலுக்கு அடியில, பீரோவுக்கு பின்னாடின்னு மறைஞ்சு போய் போகும். அதத் தேடிக் கழுவறது இன்னும் பெரிய பாடு.

எப்ப போகும்னு தெரியலைங்கறீங்க, கவனிச்சா தெரியும். தூங்கி எந்திரிச்ச உடனே ஒன்னு, சாப்பிட்டு பத்து இருபது நிமிஷத்துல ஒன்னு, ஓடி விளையாடி மூச்சு வாங்கறப்ப ஒன்னு. இந்த மூணு நேரத்துல தூக்கிட்டு போயிட்டீங்கன்னா பாதி ஜெயிச்ச மாதிரிதான். ரெண்டரை மாச குட்டிக்கு மூணு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாதுங்க, ராத்திரியும் ஒருக்கா அலாரம் வெச்சு எந்திரிச்சுத்தான் ஆகோணும், வேற வழியில்ல.

மொட்டை மாடில வெறும் சிமெண்ட் தரையா இருக்கும், அது அங்க போயி என்ன பண்ணும் பாவம். ஒரு பழைய தட்டையான டப்புல மண்ணு போட்டு வெய்ங்க, ஹால்ல அது போன கால்மிதிய கொஞ்சம் வெட்டி அந்த மண்ணு மேல போடுங்க, வாசனை புடிச்சு அங்கயே போகும். கொண்டுபோய் விட்டுட்டு அதுகூட விளையாடாம பேசாம நில்லுங்க. போன அந்த நொடியே, கீழ வந்தப்பறம் இல்ல, அங்கயே கையில இருக்கற கோழித் துண்டு ஒன்னு குடுங்க.

பினாயில நிறுத்துங்க. பினாயில் வாசனை நமக்குத்தான் மறைக்குது, அதோட மூக்குக்கு அடியில உச்சா நாத்தம் அப்படியேதான் இருக்கும். சோப்புத்தூள் போட்டு நல்லா கழுவி, வெள்ளை வினிகர தண்ணில கலந்து தொடச்சு காய விடுங்க. ப்ளீச்சிங் பவுடர் போடற நாள்ல வினிகர் பக்கமே போகாதீங்க, ரெண்டும் சேந்தா கெட்ட புகை வரும். கால்மிதிய எல்லாம் ரெண்டு மாசத்துக்கு எடுத்து பரண்ல போட்ருங்க, மெத்துன்னு இருக்கற எதுவும் அதுக்கு கக்கூஸ்தான்.


பழைய பஞ்சாங்கம்:

நாங்க எல்லாம் தோட்டத்துல நாய் வளத்தவங்கதான், எந்த டப்பும் கிடையாது மண்ணும் கிடையாது, பேப்பர சுருட்டி ஒரு அடி, அடுத்த நாள் வாசல்ல போயி நிக்கும். இப்ப நாய்க்கு பொறந்தநாள் கேக் வெட்டறாங்க, அதான் இப்படி. உங்கப்பா சொல்றத கேளுங்க தம்பி.


மாட்டாஸ்பத்திரி டாக்டர்:

உச்சா, அடி பஞ்சாயத்தெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம், எல்லாரும் ஒரு வரிய தாண்டிப் போயிட்டீங்க. பாப்பா கையில பல்லு பட்டு ரத்தம் வந்துருக்கு, மஞ்சள் வச்சிருக்காங்க.

தம்பி, இன்னைக்கே பாப்பாவ பக்கத்துல இருக்கற ஜிஹெச்சுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூட்டிட்டு போங்க. குட்டி தானே, வீட்டு நாய் தானேன்னு நினைக்காதீங்க. மூணு மாசம் ஆகாத குட்டிக்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்க மாட்டாங்க, எங்க வளந்துச்சு, அதோட தாய்க்கு போட்டாங்களான்னு உங்களுக்கும் தெரியாது. ஓடற தண்ணில சோப்பு போட்டு காயத்த 15 நிமிஷம் கழுவணும், இனிமே பட்டாலும் முதல் வேலை அதுதான், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. ஜிஹெச்சுல ஊசி இலவசம்தான், முதல் நாள் போட்டா அதுல இருந்து 3, 7, 28ஆம் நாள்னு வரச் சொல்வாங்க, ஒன்னையும் விட்ராதீங்க. ரத்தம் வந்த காயம்னு சொல்லி காட்டுங்க, காயத்துலயே போடற இன்னொரு ஊசி தேவையான்னு அங்க பாத்து முடிவு பண்ணுவாங்க.

குட்டிக்கு வருவோம். குடுத்தவர் ஊசி போட்ட கார்டு குடுத்தாரா? வாய்ல சொன்னா கணக்குல எடுக்காதீங்க, ஸ்டிக்கர் ஒட்டி சீல் வச்ச கார்டு இருந்தாத்தான் போட்டதா அர்த்தம். பார்வோ, டிஸ்டெம்பர்னு குட்டிகள தாக்கற வைரஸ் நோய்க்கு எல்லாம் சேந்து வர்ற கூட்டு ஊசி 6ல இருந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு 3, 4 வாரத்துக்கு ஒன்னுன்னு 16 வாரம் வரைக்கும் போகணும். ரேபிஸ் மூணு மாசத்துல. பூச்சி மருந்து இப்போதைக்கு 15 நாளைக்கு ஒருதடவ, எடை பாத்து டாக்டர் சொல்ற அளவுதான், மெடிக்கல்ல நீங்களா வாங்கி ஊத்தாதீங்க. ஊசி கோர்ஸ் முடியற வரைக்கும் தெருவுல இறக்கி நடத்தாதீங்க, பார்வோ மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். தோள்ல தூக்கிட்டு போயி ஆட்டோ, பஸ்ஸு, குழந்தைங்க எல்லாம் காட்டலாம், காட்டவும் வேணும். என்னைக்காவது சாப்பிடாம வாந்தி எடுத்து, ரத்தமா பேதி போச்சுன்னா மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஓடுங்க.

சாப்பாடு நாலு வேளையா பிரிச்சு குடுங்க. மாட்டுப் பால் நிறைய பேர் ஊத்துவாங்க, பாதி குட்டிக்கு அது பேதிதான். சாதத்தோட வேகவச்ச கோழி, முட்டை, கொஞ்சம் தயிர், போதும். வெங்காயம் பூண்டு போட்ட சாம்பாரும், திராட்சை போட்ட பாயசமும் தப்பித்தவறி கூட வேண்டாம், வேகவச்ச எலும்பும் வேண்டாம்.

பஞ்சாங்கம் ஐயா, தோட்டத்துல உச்சா எங்க போனா யார் கண்டா? அதான் அங்க பிரச்சனையே வரல.


சிவகாசி ரோட்டுக்காரர்:

தம்பி, நமக்கு சொந்த ஊரே ராஜபாளையம் பக்கம்தான், தாத்தா காலத்துல இருந்து இந்த ஜாதிதான் வீட்ல. 2005ல நம்ம நாட்டு நாய்களுக்கு தபால்தலை போட்டாங்கள்ல, ராம்பூர், முதோல், இமயமலை ஷீப்டாக்கோட நம்மாளையும் சேத்து, அன்னைக்கு எங்க ஊர்ல பாக்கணுமே. அந்த ஜாதிக்கு இட்லின்னு பேரு வச்ச உங்க பாப்பாவ நான் கையெடுத்து கும்பிடுறேன்.

விளையாட்டு போகட்டும். நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். கூப்பிட்டா திரும்பல. "ஆ"ன்னு கத்துனா விடல. மிக்ஸிக்கும் விசிலுக்கும் எந்திரிக்கல. லைட்ட அணைச்சா அழுவுது, போட்டா நிறுத்துது. தட்ட கண்ணுல கண்டா மட்டும் வருது. நல்ல தூக்கம்னு நீங்க சந்தோஷமா போட்டிருக்கீங்க, ரெண்டரை மாச குட்டி பக்கத்துல குக்கர் விசில் அடிச்சும் காது மடல் கூட ஆட்டாம கிடக்குன்னா எனக்கு அது தூக்கமா தோணல. குட்டிக்கு காது கேக்குதான்னு முதல்ல பாருங்க.

இத யாரும் வெளிய சொல்ல மாட்டாய்ங்க, யாவாரம் கெட்டுரும்ல. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்குன்னு கேட்டு கேட்டு ஜனம் வாங்குது, அதுக்காகவே வெள்ளையும் வெள்ளையுமா அண்ணன் தங்கச்சின்னு பாக்காம சேத்து விடுறாய்ங்க. தோலுக்கு நிறம் குடுக்கற உயிரணு உள்காதுக்கும் வேணும், அது இல்லாம போனா பொறந்த சில வாரத்துலயே உள்ள இருக்கற கேக்குற நரம்பு பட்டுப் போயிரும். வெள்ளைல கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷியன் ஜாதிலயும் இதே கதைதான். எல்லா வெள்ளைக் குட்டிக்கும் அப்படின்னு சொல்லல, எங்க வீட்ல இருந்ததுல பெரும்பாலும் கில்லி மாதிரி காது. ஆனா கேக்காத குட்டி ஒன்னு ரெண்டு ஈத்துக்கு வரும், ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

சோதிக்கறது ஈசி, ஆனா ஒழுங்கா பண்ணணும். கிட்ட நின்னு கை தட்டுனா காத்து மூஞ்சில அடிக்கும், தரைய மிதிச்சா அதிர்வு கால்ல தெரியும், அதுக்கு திரும்புனா கேட்டுருச்சுன்னு ஏமாந்துருவீங்க. அது தூங்கறப்ப, இல்ல வேற பக்கம் பாத்து எதையாவது கடிச்சுகிட்டு இருக்கறப்ப, அதுக்கு தெரியாம பின்னாடி பக்கத்து ரூம் வாசல்ல நின்னு எவர்சில்வர் தட்டுல கரண்டியால தட்டுங்க. தட்டு கையிலயே இருக்கணும், கீழ போடாதீங்க. அப்பறம் விசில், அப்பறம் பூனை மாதிரி கத்திப் பாருங்க, வேற வேற சத்தமா. முகத்த பாக்காதீங்க, காத பாருங்க. கேக்குற நாய்க்கு தூக்கத்துலயும் காது துடிக்கும்.


மாட்டாஸ்பத்திரி டாக்டர்:

ரோட்டுக்காரர் சொன்ன கோணம் சரி, நான் கடிய பாத்த அவசரத்துல அத பிடிக்கல. ஒன்னு மட்டும் சேத்துக்கறேன், ஒரு காது மட்டும் கேக்கற குட்டியும் உண்டு, அது சத்தத்துக்கு முழிக்கும், ஆனா எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாம சுத்தி சுத்தி தேடும். காதுல சீழ், உண்ணி, அழுக்கு அடைப்பு இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க, அதெல்லாம் மருந்துல சரியாகும். பிறவிலேயே கேக்கலைன்னா மருந்து கிடையாது, சொட்டு மருந்து, நாட்டு எண்ணெய்னு எதையும் ஊத்தி பணத்த விடாதீங்க. உறுதியா தெரியணும்னா மூளைக்கு சத்தம் போகுதான்னு தலைல வயர் வச்சு பாக்கற டெஸ்ட் ஒன்னு இருக்கு, எல்லா ஊர்லயும் இருக்காது, கால்நடை மருத்துவக் கல்லூரிகள்ல விசாரிச்சுப் பாருங்க.


மாடிவீட்டுக்காரன் (மதுரை):

பாப்பாவுக்கு ஊசி ஆரம்பிச்சாச்சு டாக்டர், ஜிஹெச்சுல செம திட்டு, மஞ்சள் வச்சதுக்கு. ரொம்ப நன்றி.

குட்டி விஷயம். தட்டு சோதனை பண்ணோம். அவன் பால்கனி கதவோரம் தூங்கிட்டு இருந்தான், நான் கிச்சன் வாசல்ல நின்னு தட்டுனேன், அப்பா அவன் பக்கத்துல சேர்ல உக்காந்து காத பாத்துகிட்டு இருந்தாரு. கரண்டி, விசில், பழைய பூஜை மணி, பாப்பாவோட ஊதல், எல்லாம் ஆச்சு. கீழ இருந்து ஹவுஸ் ஓனர் என்ன விசேஷம்னு மேல ஏறி வந்துட்டாரு, இவன் காது அசையல. கடைசில அப்பா குனிஞ்சு தரைல விரலால லேசா தட்டுனாரு, பட்டுன்னு தலைய தூக்கிட்டான். அப்பா அதுக்கப்பறம் ஒன்னும் பேசல, எந்திரிச்சு போயி அவனுக்கு முட்டை உரிச்சுட்டு வந்தாரு.

இங்க எங்க ஊர் நாய் டாக்டரும் பாத்துட்டு காது சுத்தமா இருக்கு, பிறவியிலேயே கேக்கல போலன்னாரு. குடுத்தவருக்கு போன் பண்ணா, "அப்படியா, கொண்டாங்க, வேற குட்டி மாத்தித் தர்றேன்"னு மொபைல் கவர் மாத்துற மாதிரி சொல்றாரு. அம்மா மாத்திடலாம்னு யோசிக்கிறாங்க, பாப்பா கேட்டா வீடு ரெண்டாயிரும். கேக்காத நாய வளக்க முடியுமா, இல்ல நாங்க தெரியாத்தனமா பெரிய வேலைய இழுத்து விட்டுக்கறோமா?


நாகர்கோவில் மேரி:

மக்கா, முடியும். எங்க வீட்டு டால்மேஷியனுக்கு ரெண்டு காதும் கேக்காது, இப்ப பெரிய ஆளாயாச்சு, நல்லாத்தான் இருக்கா. ஒரு வகைல சொகம்தான், தீபாவளிக்கு ஊரே வெடிச்சாலும் அவ குறட்டை விட்டு உறங்குவா.

நாய்க்கு நம்ம பேச்ச விட கை அசைவு சீக்கிரம் புரியும், கேக்குற நாய்க்கே அப்படித்தான். முதல்ல "சபாஷ்"க்கு ஒரு சைகை வைங்க, கட்டைவிரல தூக்கி காட்டி உடனே வாய்ல ஒரு துண்டு குடுங்க. வேற ஒன்னும் கேக்க வேண்டாம், விரல், துண்டு, விரல், துண்டு, கொஞ்ச நாள் இதுவே. விரல கண்டதும் வாலாட்ட ஆரம்பிச்சா மத்தது எல்லாம் அதுமேல கட்டிக்கலாம். அடுத்தது உங்கள பாக்கறதுக்கு. அதுவா திரும்பி உங்க மூஞ்சிய பாக்குற ஒவ்வொரு தடவையும் விரல் தூக்கி துண்டு குடுங்க, அப்புறம் வீட்டுக்குள்ள நடக்கறப்பவே நிமிஷத்துக்கு ஒருக்க உங்கள திரும்பிப் பாக்கும். பேரச் சொல்லி கூப்பிடறதுக்கு பதிலா உங்களுக்கு இதுதான். வா, உக்காரு, விடுன்னு சைகை எதுவும் வைக்கலாம், ஆனா வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி காட்டணும், அப்பா ஒரு மாதிரி பாப்பா ஒரு மாதிரி காட்டுனா அது முழிக்கும்.

தூங்கறப்ப திடீர்னு தொடாதீங்க, இதுதான் ரொம்ப முக்கியம், பாப்பாவுக்கு கண்டிப்பா சொல்லி வைங்க. திடுக்கிட்டு கடிச்சிரும், அது அதோட குத்தம் இல்ல. மூக்கு பக்கத்துல கைய வச்சு மோக்க விட்டு, அப்புறம் தோள்ல மெதுவா தொட்டு, முழிச்ச உடனே ஒரு துண்டு. இத பழக்கிட்டா யாராச்சும் தொட்டு எழுப்புனாலே நமக்கு தீனி வருதுன்னு நெனச்சு எந்திரிக்கும். ராத்திரிக்கு சீரோ வாட்ஸ் பல்பு ஒன்னு போட்டு, உங்க கட்டில் பார்வைல படுற மாதிரி சாக்க விரிங்க, அழுகை பாதி நின்னுரும். இருட்டுன அப்புறம் மாடில கூப்பிட டார்ச்ச தரைல ரெண்டு தடவ மினுக்குங்க. லேசர் லைட்டு வேண்டாம், அத துரத்தி துரத்தி சில நாய்க்கு பைத்தியமே புடிச்சிரும்.

கடிக்கு வாய்ல கத்தி ஒன்னும் ஆகாது. பல்லு பட்ட உடனே கைய கட்டிகிட்டு திரும்பி நின்னுருங்க, இல்ல எந்திரிச்சு கதவுக்கு அந்தப்பக்கம் போயிருங்க, அர நிமிஷம் கழிச்சு வாங்க. கடிச்சா ஆள் போயிருவான்னு புரியும். இதோட, ஈரத்துண்ட முறுக்கி ஃப்ரீசர்ல வச்சு குடுங்க, ஈறுக்கு நல்லா இருக்கும். நாலு மாசத்துல பால் பல்லு விழ ஆரம்பிக்கும், ஆறு ஏழு மாசத்துல முடிஞ்சிரும், அது வரைக்கும் வேட்டி கட்டறத அப்பா கொஞ்சம் மடிச்சு கட்டட்டும்.


சிவகாசி ரோட்டுக்காரர்:

மாத்துற விஷயம். குடுத்தவருக்கு அந்த குட்டி திரும்பி வந்தா யாருக்கு விப்பாருன்னு நினைக்கிறீங்க? ஒன்னு, சொல்லாம இன்னொருத்தருக்கு, இல்லைன்னா ஹைவே ஓரமா. காவலுக்குன்னு வாங்கியிருந்தா மாத்துங்கன்னு நானே சொல்லுவேன், நீங்க பாப்பாவுக்கு துணைக்குத்தானே வாங்குனீங்க. ஆனா வச்சுக்கறதுன்னா ரெண்டு விஷயம் ஒத்துக்கணும். ஒன்னு, வீட்டுக்கு வெளிய எந்த நாளும் செயின் இல்லாம விடக் கூடாது. இது ஓட்டத்துக்குன்னே பொறந்த ஜாதி, ஒரு பூனைய கண்டுட்டா மின்னல்தான், மத்த நாய்க்கு கத்தி நிறுத்தலாம், இவனுக்கு லாரி ஹாரனும் கேக்காது. இன்னொன்னு, வளந்தப்பறம் கலர் நல்லாருக்குன்னு யாராச்சும் ஜோடி சேக்க கேட்டு வருவாய்ங்க, குடுத்துராதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி குடும்பக் கட்டுப்பாடு பண்ணிருங்க.


பழைய பஞ்சாங்கம்:

காது கேக்காத பிள்ளைய அடிக்கச் சொல்லிட்டேனே. சரி தம்பி, மொட்டை மாடில கைப்பிடி சுவர் எவ்ளோ உயரம்? ராஜபாளையம் ஆறு மாசத்துல நாலடிய தாண்டும், இப்பவே வலை அடிச்சிருங்க.


மாடிவீட்டுக்காரன் (மதுரை):

சுவர் மூணடிதான் ஐயா, நல்ல வேளை சொன்னீங்க. வலைக்கு ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கணும், பூஜை மணி அடிச்ச அன்னைக்கே அவருக்கு விஷயம் தெரியும், ஒத்துக்குவாரு.

மாத்தல. அம்மாவே வேண்டாம்னுட்டாங்க. மண்ணு டப்பு வச்சாச்சு, கால்மிதி எல்லாம் பரண்ல. கட்டைவிரல் ஆரம்பிச்சாச்சு, பாப்பா ரெண்டு கை கட்டைவிரலையும் தூக்குறா, ஒன்னு போதும்னா கேக்க மாட்டேங்குறா. மேரி அக்கா, ரெண்டு விரல்னா குழம்புமா? அப்பறம் கழுத்து பட்டைல எதாச்சும் எழுதி மாட்டணுமா?


நாகர்கோவில் மேரி:

ரெண்டு விரல்னா ரெண்டு துண்டு கிடைக்கும்னு நெனச்சுக்கும், அவ்ளோதான், ஆனா வீட்ல எல்லாரும் ரெண்டாவே காட்டுங்க. பட்டைல பேர் தேவையில்ல, "காது கேக்காது"ன்னு பெருசா, கீழ உங்க போன் நம்பர், அது போதும். செருப்பு தைக்கறவர்கிட்ட சொன்னா தோல் பட்டைல தகடு அடிச்சு தருவாரு. குட்டி வளர வளர பட்டைய தளத்தணும், ரெண்டு விரல் உள்ள போற அளவு எப்பவும் இருக்கணும்.